பழைய சாரத்தில் தைத்த சந்தைப் பையின் கைப்பிடி ஏன் பிய்கிறது?

உப்புவெளியாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பா கட்டிய பழைய சாரங்கள் நான்கை எடுத்து, சந்தைக்குக் கொண்டு போவதற்கென்று சென்ற மாதம் ஐந்து பைகள் தைத்தேன். முதலாவது பையுடன் திருகோணமலைச் சந்தைக்குப் போய், 5 கிலோ அரிசியும் ஒரு பூசணிக் கீற்றும் இரண்டு தேங்காயும் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்து வருகையில், கைப்பிடி ஒன்று பிய்ந்து தேங்காய்கள் வீதியில் உருண்டு போயின. அரிசிப் பொதி கிழியாமல் தப்பியது.

வீட்டுக்கு வந்து பையை விரித்துப் பார்த்தேன். நூல் அறவில்லை, கைப்பிடியும் அறவில்லை. கைப்பிடியைச் சதுரமாகத் தைத்திருந்த இடத்தில், ஊசித் துளைகள் ஓடிய வரிசை வழியாகவே, தபால் முத்திரையைத் தாளிலிருந்து பிய்த்தெடுத்தாற்போல வாய்த்துணி கிழிந்திருந்தது. கைப்பிடி அந்தச் சதுரத் துண்டைப் பிடித்தபடி என் கையில் இருந்தது. பலமாக இருக்கட்டும் என்று நான்கு முறை மேலே மேலே தைத்த இடம் அது.

மீதி நான்கு பைகளையும் அப்படியே விட எனக்கு மனமில்லை. எங்கள் திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் மான்கள், உணவு வாசம் பிடித்த பொலித்தீனைத் தின்று இறந்த செய்திகளை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். கோணேசர் கோவிலுக்குப் போகும் ஏற்றத்தில், ஒரு பெண்மான் சொப்பிங் பை ஒன்றைப் பாதி விழுங்கிக்கொண்டு நின்றதை நானே கண்டு, அதன் வாயிலிருந்து இழுக்கவும் முடியாமல் நின்றேன். அதன் பிறகுதான் தையல் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். கைப்பிடியை எப்படித் தைத்தால் பாரம் தாங்கும் என்பதை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

தையல் ரீச்சர் எழுதியது:

தங்கை, உங்கள் பை பிய்ந்தது பலவீனமாகத் தைத்ததால் அல்ல. ஒரே இடத்தில் அளவுக்கு மேல் தைத்ததால். ஊசி போகும் ஒவ்வொரு முறையும் துணியில் ஒரு துளை விழுகிறது. புதுத் துணி அதைத் தாங்கிக்கொள்ளும். பத்து ஆண்டுகள் சவர்க்காரமும் வெயிலும் கண்ட சாரத்தில் ஒரு அங்குலச் சதுரத்துக்குள் நான்கு முறை தைத்தால், அந்த இடத்தை நீங்களே அளவாகத் துளையிட்டுக் கிழிக்கத் தயார் செய்து கொடுத்ததாகத்தான் முடியும். முப்பது ஆண்டுகள் மனையியல் படிப்பித்த காலத்தில், பிள்ளைகள் கொண்டு வந்த பைகளில் இந்தக் கிழிசலையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். கைப்பிடித் துண்டைச் சாரத்தின் உயரவாக்கில் வெட்டினீர்களா, சுற்றுவாக்கில் வெட்டினீர்களா? சாரத்தில் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், உடலைச் சுற்றி ஓடும்; இடுப்பிலும் கணுக்காலிலும் இருப்பவைதான் கரைகள். பாவு நூல் முறுக்கேறியது, இழுபடாதது. அதற்குக் குறுக்கே நெய்யும் ஊடு நூல் அதைவிடத் தளர்ந்து கொடுக்கும். கட்டியிருக்கும் கோலத்தைப் பார்த்து உயரவாக்குத்தான் நீளவாக்கு என்று எண்ணிப் பலர் தவறாக வெட்டிவிடுகிறார்கள். கைப்பிடியும் பையின் உடலும் சுற்றுவாக்கில் வெட்டப்பட வேண்டும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். கைப்பிடியைப் பையின் வாயில் தொங்க விடக் கூடாது. அது பையின் அடியைச் சுற்றி வந்து பாரத்தைக் கீழிருந்து ஏந்த வேண்டும். அரிசி மூட்டையைத் தூக்குபவர் அதன் வாயைப் பிடித்துத் தூக்குவதில்லை, அடியில் கை கொடுத்துத்தான் தூக்குகிறார். அதே வேலையை ஒரு நீண்ட பட்டி செய்யும்படி அளவு சொல்கிறேன்.

முதலில் சாரத்தின் மூட்டைப் பிரித்து விரித்துக்கொள்ளுங்கள். என் கையில் இருக்கும் சாரம் 78 அங்குல நீளமும் 43 அங்குல அகலமுமாக விரிகிறது. அதைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இருக்கைப் பகுதியில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவுவது தெரியும். ஐயமான இடங்களை இரண்டு பெருவிரல்களுக்கும் இடையே பிடித்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். நூல் விலகும் சத்தம் கேட்டால் அந்தப் பகுதியைத் தூசி துடைக்க ஒதுக்கிவிடுங்கள். அதன் மீது பரிவு காட்டிப் பைக்குள் சேர்க்க வேண்டாம்.

உடலுக்கு 38 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் கொண்ட ஒரே துண்டு போதும். நடுவில் மடிந்து அடியாகிவிடுவதால் அடியில் தையலே வராது. இரண்டு நுனிகளிலும் கால் அங்குலமும் பிறகு முக்கால் அங்குலமும் மடித்து வாயைத் தைத்தால் 36 அங்குலம் எஞ்சும். பட்டிக்கு 61 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள இரண்டு துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்து, மறுபடி மடித்தால் நான்கு மடிப்புக் கொண்ட ஒரு அங்குலப் பட்டி கிடைக்கும். அதன் இரு ஓரங்களிலும் நீளத் தைத்துக்கொண்டு, நுனிகளை ஒரு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பொருத்தினால் 120 அங்குலச் சுற்றளவுள்ள ஒரு பெரிய வளையமாகும். இந்த வளையத்தை, பக்கங்களை மூட்டும் முன்பே, தட்டையாகக் கிடக்கும் உடல் துண்டின் மீது இரு பக்க ஓரங்களிலிருந்தும் 4 அங்குலம் உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். பட்டி ஒரு பக்கம் 36 அங்குலம் ஓடி, வாய்க்கு மேலே 24 அங்குலக் கைப்பிடியாக வளைந்து, மறுபக்கம் 36 அங்குலம் திரும்பி வந்து, அடுத்த கைப்பிடியாகும். கூட்டிப் பார்த்தால் 120 அங்குலம் சரியாக வரும். பொருத்திய இரண்டு இடங்களும் பையின் அடியிலே விழும்படி வைத்தால், அவை பாரத்துக்குக் கீழே அமைதியாகக் கிடக்கும்.

தையலின் நீளம் 3 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். வாய்க்கு ஒரு அங்குலம் கீழே மட்டும் ஒரு சதுரமும் குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் ஒரே ஒரு முறை தைத்தால் போதும். சாரத்துணிக்கு 14 ஆம் இலக்க ஊசி பொருந்தும். ஜீன்ஸ் துணியானால் 16 ஆம் இலக்கத்துக்கு மாறுங்கள். பக்கங்களை முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கக் கால் அங்குலத்தில் தைத்து, பின்பு உட்புறமாகத் திருப்பி மறுபடி தைத்தால் பிசிறுகள் உள்ளேயே அடைபட்டுவிடும். பிசிறு பிடிக்கும் மெசின் இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கடைசியாக அடி மூலைகள் இரண்டையும் முக்கோணமாக மடித்து 4 அங்குல அகலத்தில் குறுக்கே தைத்தால் பை தானாக நிற்கும்.

தேயாத சாரமானால் இந்த அளவில் இரண்டு பைகள் எடுக்கலாம். இருக்கைப் பகுதி போனதென்றால் ஒன்றுதான்.

வலைக்காரன் எழுதியது:

ரீச்சர் சொன்னவற்றோடு நூலைப் பற்றி ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். நான் திருக்கடலூரைச் சேர்ந்தவன். வலை பொத்துவது எங்கள் வீட்டு வேலை. பை பிய்கிறது என்றதும் சிலர் வலை நூலால் தைத்துவிட்டால் கவலை இல்லை என்று எண்ணுவார்கள். என் மனைவியும் அப்படித்தான் நைலோன் நூலால் ஒரு பையைத் தைத்தார். ஒரு மாதத்தில் அந்த நூல் பருத்தித் துணியைக் கத்தியைப் போல அறுத்துவிட்டது. துணியைவிட நூல் பலமாக இருந்தால், பாரம் வரும்போது தோற்பது துணிதான். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி கிழிந்தால் ஒட்டுப் போட வேண்டும். சாதாரண பொலியெஸ்டர் தையல் நூலே இதற்குப் போதுமானது. பெட்டியில் பல ஆண்டுகள் கிடந்த பழைய பருத்தி நூலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது கையால் இழுத்தாலே அறும்.

பாரையோ சூரையோ வாங்கப் போகிறவர்கள் மீனை நேரே துணிப் பையில் போட வேண்டாம். மூடியுள்ள பாத்திரம் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள். பனையோலையில் இழைத்த உமல் பை வைத்திருப்பவர்கள் அதையே கொண்டு வரலாம். மீன் நீர் பட்ட துணியை மரக்கறிக்குத் திரும்பப் பயன்படுத்துவது நல்லதல்ல.

மாணவன் எழுதியது:

இந்த முயற்சியை மதிக்கிறேன், ஆயினும் ஒரு கேள்வி எழுப்ப வேண்டியிருக்கிறது. துணிப் பை எப்போதும் சுற்றாடலுக்கு நல்லது என்பது சரியா? இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்தினால்தான், காலநிலைத் தாக்கத்தில் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையை அது ஈடுசெய்யும் என்று கணக்கிடப்பட்டது. டென்மார்க்கில் 2018 இல் வந்த ஆய்வு, எல்லாச் சுற்றாடல் தாக்கங்களையும் சேர்த்துப் பார்த்து, சாதாரண பருத்திப் பைக்கு 7,100 தடவைகள் என்றது. அப்படியானால் நாம் தைப்பதும் அதே கணக்கில் வராதா?

உப்புவெளியாள் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. அந்த எண்கள் பருத்தி விளைவிப்பதற்கான நீர், உரம், நூற்பு, நெசவு ஆகியவற்றிலிருந்து வருபவை. புதிதாகப் பை ஒன்று செய்வதற்காகவே புதுத் துணி நெய்யும்போது பொருந்துபவை. அப்பாவின் சாரம் நெய்யப்பட்டது அவர் கட்டுவதற்கு. அது தன் முதல் வாழ்க்கையை முடித்துவிட்டது. அந்தப் பருத்திக்காக இனி எவரும் ஒரு வயலுக்கும் நீர் பாய்ச்சப் போவதில்லை. நான் சேர்த்தது நூலும் என் மாலை நேரமும் மட்டுமே. ஆனால் உங்கள் கேள்வியிலிருந்து ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன். கடைகளில் விற்கும் புதுத் துணிப் பைகளை வாங்கி வாங்கி அலுமாரியில் அடுக்குவது பயன் தராது. என்னிடமும் அப்படி விழாக்களில் கிடைத்த பைகள் ஏழு இருக்கின்றன. அவற்றை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

மத்திய வீதிக் கடைக்காரர் எழுதியது:

கல்லாவில் நின்று பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2017 செப்டம்பர் 1 முதல் 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீன் தடை செய்யப்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றும், விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்றும் விதி வந்தது. அதற்குப் பிறகு பை கொண்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் கொண்டு வராதவர்களிடம் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வது, பை வீட்டில் இருக்கிறது, எடுக்க மறந்துவிட்டேன் என்பதே.

ஆகவே சகோதரி, உங்கள் பையைக் கையில் அடங்கும் சிறு பொதியாக மடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சாரத் துணியின் பெரும் சிறப்பு அதுதான். ஜீன்ஸ் காலில் தைத்த பை இரட்டை மூட்டுத் தையலோடு தேங்காய்க்கு மிக நன்று. ஆனால் அதை ஒருவரும் சட்டைப் பைக்குள் வைத்துத் திரிய முடியாது. மாரியில் நனைந்தால் இரண்டு நாளாகியும் காயாமல் கரும்புள்ளி விழுந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். வெளிப் பை துணியாக இருந்தும், அதற்குள் பருப்புக்கு ஒன்று, சீனிக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று என்று நான் பொலித்தீன் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நெருக்கமாக நெய்த பழைய சேர்ட்டின் முதுகுத் துணியில், வாயில் நாடா கோத்த சிறு பைகள் சிலவற்றைத் தைத்துக்கொண்டு வந்தால், வெறும் பையைத் தராசில் வைத்து அதன் நிறையைக் கழித்துவிட்டு நான் நேரே அதில் நிறுத்துத் தருவேன். வெங்காயத்துக்குப் பழைய ரீசேர்ட் துணியும் பொருந்தும். காற்றுப் போகும், இழுபட்டாலும் பாதகமில்லை. அரிசிக்கு ரீசேர்ட் வேண்டாம். அது முழங்கால் வரை நீண்டு தொங்கும்.

கிண்ணியாச் சகோதரி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். என்னிடம் மெசின் இல்லை. இந்த அளவுகளைக் கையால் தைத்தால் பாரம் தாங்குமா, அல்லது மெசின் உள்ள ஒருவரிடம் கொடுத்துத்தான் தைப்பிக்க வேண்டுமா என்று ரீச்சர் சொன்னால் உதவியாக இருக்கும். உம்மாவின் பருத்திச் சேலைகள் இரண்டும், நைலெக்ஸ் சேலைகள் பலவும் இருக்கின்றன.

தையல் ரீச்சர் எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம், மகள். தாராளமாகத் தாங்கும். மெசின் வருவதற்கு முன்பு கப்பற் பாயே கையால்தான் தைக்கப்பட்டது. ஊசியை முன்னே முன்னே ஓட்டிக்கொண்டு போகும் தையல் மட்டும் இதற்கு உதவாது. ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். ஒரு எட்டு முன்னே எடுத்து, அரை எட்டுப் பின்னே குத்தி, திரும்ப முன்னே எடுக்கும் பின்தையலைப் பயன்படுத்துங்கள். நூலை இரட்டையாகக் கோத்து, மெழுகுதிரியில் ஒரு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கிச் சிக்காது. ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல் வந்தால் நல்ல தையல். பட்டியில் பல மடிப்புச் சேரும் இடத்தில் ஊசி போகாவிட்டால், விரலுறை போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் குத்தி இழுத்த பிறகு மறுபக்கம் குத்துங்கள். இரண்டையும் ஒரே வீச்சில் எடுக்க முயல வேண்டாம்.

பருத்திச் சேலையில் கைப்பிடிப் பட்டியை முந்தானைப் பக்கத்திலிருந்து எடுக்காமல், நீளக் கரையை ஒட்டி எடுங்கள். கரை நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் அதுவே பாதிப் பலம். சேலை மெல்லியதாக இருந்தால் உடலை இரட்டைத் துணியாக்குங்கள். நைலெக்ஸ் வழுக்கும், கைத்தையலில் பிசிறும். ஆனால் இலேசானது, சீக்கிரம் காயும். கடைக்காரர் ஐயா கேட்ட சிறு பைகளில் கிழங்கு, எலுமிச்சைக்கு அதைப் பயன்படுத்தலாம்.

முந்திய நான்கு பைகளையும் உப்புவெளித் தங்கை எறிய வேண்டாம். கைப்பிடிகளைப் பிரித்துவிட்டு, பழைய ஜீன்ஸில் 3 அங்குலத் துண்டுகள் வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, வாய்த்துணியின் உட்புறத்தில் முதலில் அந்தத் துண்டின் ஓரத்தைச் சுற்றித் தையுங்கள். பின்பு கைப்பிடியை அதன் நடுவில் வைத்துத் தைத்தால், பாரம் ஒரு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குப் பரவும். அவை அரிசிக்கு அல்ல, கீரைக்கும் பாணுக்கும்.

உப்புவெளியாள் எழுதியது:

ரீச்சர் சொன்ன அளவிலேயே, அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சாரத்தில் புதிதாக ஒன்று தைத்து முடித்தேன். முன்பு உயரவாக்கில்தான் வெட்டியிருக்கிறேன் என்பதும் உறுதியாயிற்று. மிஞ்சிய துண்டை இரு திசையிலும் இழுத்துப் பார்த்தபோது வித்தியாசம் கையிலேயே தெரிந்தது.

சந்தைக்குக் கொண்டு போகுமுன் சோதிக்க எண்ணி, 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறை நிரப்பி உள்ளே வைத்து, குசினிக் கதவின் கொழுக்கியில் இரவு முழுவதும் தொங்கவிட்டேன். தண்ணீர் மட்டுமே 9 கிலோ. காலையில் அளந்தபோது கைப்பிடி அரை அங்குலம் நீண்டிருந்தது, வேறு எந்த மாற்றமும் இல்லை. வாயோரத் தையலைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தேன். ஊசித் துளைகள் வட்டமாகவே இருந்தன. பிய்ந்த பழைய பையில் அவை நீள்வட்டமாக இழுபட்டிருந்தன. கிழிவதற்கு முன்பே துணி அறிகுறி காட்டுகிறது என்பதை இப்போதுதான் கற்றேன்.

ஒரே ஒரு குறை கண்டேன். நான் உயரம் குறைந்தவள். 24 அங்குலக் கைப்பிடியைக் கையில் பிடித்தால் பை தரையில் இழுபடுகிறது. தோளில் போட்டால் சரி. எட்டு வயது மகளுக்குத் தைக்கும்போது கைப்பிடியை 16 அங்குலமாக்கி, பட்டித் துண்டுகளை 53 அங்குலமாக வெட்டப் போகிறேன். கணக்குச் சரிதானா?

தையல் ரீச்சர் எழுதியது:

சரி. வளையம் 104 அங்குலம் வரும்.

மத்திய வீதிக் கடைக்காரர் எழுதியது:

சென்ற கிழமை இந்தச் சகோதரி ஒட்டுப் போட்ட பைகளில் மூன்றைக் கடையில் கொண்டு வந்து தந்தார். பை மறந்து வருபவர்களுக்குக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது திருப்பித் தரச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டினேன். மூன்றும் அன்றே போய்விட்டன. இன்றைக்கு இரண்டு திரும்பி வந்துள்ளன. ஒன்று தோய்த்து, மடித்து வந்தது. மூன்றாவதைக் கொண்டு போனவர் பாலையூற்றிலிருந்து மாதத்துக்கு இரு முறை வருபவர், ஆகவே அடுத்த கிழமை வரை பார்த்திருக்கிறேன். தோய்த்து வந்த பையில் ஜீன்ஸ் துண்டின் ஒரு மூலை வட்டமாக வெட்டப்படாததால் கிளம்பியிருக்கிறது. சகோதரி கடைப்பக்கம் வரும்போது ஊசி நூலோடு வந்தால் இங்கேயே இருந்து தைத்துவிடலாம்.